வெள்ளிக்கிழமைத் தோட்டக்காரர்கள்

2022 ஆம் ஆண்டு ஜூன் மாத நடுப்பகுதியில் இலங்கை அமைச்சரவை விசித்திரமான தீர்மானம் ஒன்றை எடுத்தது. அரச ஊழியர்களுக்கு அடுத்த மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. அந்த நாளில் அவர்கள் தத்தமது வீட்டு வளவில் மண்வெட்டி பிடித்து மரக்கறி பயிரிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எரிபொருள் இல்லாத நாட்டில் ஊழியர்கள் அலுவலகத்துக்கு வந்து சேர முடியவில்லை என்பது இன்னொரு காரணம். வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கம் அறிவித்து (ஏப்ரல் 12) இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன்னர் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது என்பது இதன் பொருள்.

இந்த அறிவிப்பை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆனால், பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலத்தைக் கழித்தவனுக்கு இது புதிய செய்தியாகப் படவில்லை. கப்பல் வராமல் போகும்போதும் கஜானா காலியாகும்போதும் கொழும்பில் ஆட்சியில் இருப்பவர்களுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது குடிமக்களின் கொல்லைப்புறமே. எட்டுத் தசாப்த காலமாக இது நடந்து வருகிறது. வீட்டுத் தோட்டம் நல்ல விடயம்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்தத் தோட்டம் எதைத் தரும், எதைத் தராது, யாருக்கு வாய்க்கும், யாருக்கு வாய்க்காது என்ற கேள்விகளை இந்த அறிவிப்புகள் ஒருபோதும் எழுப்பியதில்லை.

முதலாவது அத்தியாயம் 1942. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தனர். ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு மீது குண்டு விழுந்தது. நான்கு நாட்கள் கழித்துத் திருகோணமலை. குண்டுகளை விடவும் ரங்கூனின் வீழ்ச்சியே இலங்கையரின் வயிற்றைப் பதம் பார்த்தது. அன்றைய இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததாகும். தேயிலைக்கும் இறப்பருக்கும் தெங்குக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சோற்றை வெளியிலிருந்து வாங்குவது என்று காலனித்துவப் பொருளாதாரம் வகுத்திருந்த ஏற்பாடு சில வாரங்களில் நொறுங்கியது. அரிசிப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் நமது சமையலறைகளுக்குள் உறுதியாகக் கால் ஊன்றியது அந்த நாட்களிலேயே. விவசாய, காணி அமைச்சராக டி. எஸ். சேனநாயக்கவும், குடிசார் பாதுகாப்புக்கும் உணவுக்கும் பொறுப்பாக சேர் ஒலிவர் குணதிலக்கவும் இருந்தனர். பிரித்தானியாவில் ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்ற முழக்கத்தின் கீழ் லண்டன் ஹைட் பார்க்கில் கூட மரக்கறிப் பாத்திகள் போடப்பட்ட காலம் அது. அந்தக் காற்று இங்கும் வீசியது. வெற்றுக் காணிகளிலும் வீட்டு முற்றங்களிலும் எதையாவது நடுமாறு மக்கள் வற்புறுத்தப்பட்டனர்.

போர் முடிந்ததும் தோட்டமும் மறந்துபோனது. பங்கீட்டு அரிசி மறந்துபோகவில்லை. மானிய அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. அவ்வருடமே டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியைத் துறந்தார். அரிசியில் கை வைத்தால் ஆட்சி போகும் என்ற பாடத்தை அரசியல்வாதிகள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது அத்தியாயம் என் தலைமுறைக்கு நேரடி அனுபவம். 1970 இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது. 1973 இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகச் சந்தையில் ஏறியபோது நிலைமை கைமீறிப் போனது. விடியுமுன்னர் பாண் வரிசை. வீதிகளில் தடைச் சாவடிகள். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு செல்பவர்களின் பைகள் சோதிக்கப்பட்டன. உணவு உற்பத்தியை ஒரு போராகவே அரசாங்கம் பிரகடனம் செய்தது. சோற்றுக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கு. (மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்த்தால் நஞ்சாகும் என்ற அச்சம் வீடுகளில் பேசப்பட்ட அளவுக்கு, மூடியைத் திறந்து நன்றாக அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்ற உண்மையான எச்சரிக்கை பேசப்படவில்லை. கிழங்கில் இருக்கும் சயனைட்டுச் சேர்மங்களை அகற்றும் வழி அதுவே.)

அதே காலம் யாழ்ப்பாணத்து விவசாயிக்குப் பொற்காலமாக அமைந்தது என்பது வரலாற்றின் முரண். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் குடாநாட்டின் செம்மண்ணில் விளைந்தவற்றுக்குத் தெற்கில் கேள்வி பெருகியது. கல்வீடுகள் எழும்பின. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள் வன்னிக்குச் சென்று மிளகாய் பயிரிட்டனர். 1977 இல் ஜே. ஆர். ஜெயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அந்த வளம் வந்த வேகத்திலேயே போயிற்று. வடக்கின் இளைஞர்கள் அரசியலில் எடுத்த திருப்பத்தை விளக்க முற்படுகிறவர்கள் பல்கலைக்கழகத் தரப்படுத்தலைப் பற்றிப் பேசும் அளவுக்கு மிளகாயின் விலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனது நீண்டநாள் மனக்குறை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல இயலாது. யாழ்ப்பாணத்தான் ‘தோட்டம்’ என்றால் தான் உழைத்துப் பிழைக்கும் புகையிலை, வெங்காயச் செய்கை நிலத்தைக் குறிப்பிடுவான். ‘தோட்டக்காரன்’ என்பது அங்கே விவசாயியின் பெயர். மலையகத் தமிழனுக்குத் ‘தோட்டம்’ என்பது துரையினதும் கங்காணியினதும் தேயிலைக் காடு. அவன் அதற்குள் வேலை செய்பவன், உரிமையாளன் அல்லன். ‘வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்’ என்று கொழும்பிலிருந்து தமிழில் வெளியிடப்படும் அறிக்கை, அதே சொல்லை உச்சரிக்கும் இந்த இரு மக்களையும் ஒன்றாகவே கருதுகிறது.

1973-74 இல் மலையகத்தில் நடந்ததை நமது வரலாற்று நூல்கள் சில வரிகளோடு கடந்து விடுகின்றன. மாவும் அரிசியும் குறைந்தன, விலைகள் ஏறின, வேலை நாட்களும் குறைந்தன. பெருந்தோட்டங்களில் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விடவும் கூர்மையாக உயர்ந்தது. 1974 இன் புள்ளிவிபரங்களே இதைக் காட்டுகின்றன. மக்கள் பட்டினியால் இறந்தார்கள். லயங்களிலிருந்து வெளியேறி நகரங்களின் தெருக்களில் கையேந்தியவர்களைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உணவு உற்பத்திப் போர் பிரகடனப்படுத்தப்பட்ட அதே நாட்டில், ஆயிரக்கணக்கான ஏக்கர் மண்ணின் மத்தியில், மண்ணை உழைத்தே வாழப் பழகிய ஒரு சமூகத்துக்கு இது நேர்ந்தது. காரணம் மிக எளிமையானது. அவர்களுக்குக் கொத்துவதற்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. லயத்தின் முன்னாலோ பின்னாலோ சில அடி அகலத்தில் கோவாவும் போஞ்சியும் போட்டுக்கொள்ள நிர்வாகம் அனுமதிக்கும்; அனுமதி என்றுதான் அதற்குப் பெயர், உரிமை அல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியிருந்ததால், அரச காணி வழங்கும் திட்டங்களிலும் அவர்களுக்கு இடமில்லை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் கைமாறின. லயத்தில் இருந்தவருக்கு ஒரு பாத்தி அளவு நிலமும் சொந்தமாகவில்லை. அந்தப் பட்டினியினாலும் பின்னர் 1977 வன்செயலினாலும் துரத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் வன்னிக்குச் சென்று காடு வெட்டி, முதன்முறையாகத் தமக்கென ஒரு வளவை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எந்த அரசாங்கமும் விதைப் பொதி கொடுக்கவில்லை.

இனி 1990. ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, யூரியா என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் சிறிதளவே வந்தது. சிறிய ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்துச் சொட்டு எண்ணெய்யில் விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். நாளிதழ்கள் கொப்பித் தாளில் அச்சாகின. யூரியா வெடிமருந்துக்குப் பயன்படும் என்பது அரசாங்கம் கூறிய நியாயம். அது முற்றிலும் பொய்யுமல்ல. ஆனால், அந்தத் தடையால் குண்டு வெடிப்பது நின்றதா, வெங்காயம் விளைவது நின்றதா என்று கேட்டால் விடை எல்லோருக்கும் தெரியும்.

யாழ்ப்பாணத்து வளவு இந்தச் சோதனைக்கு ஓரளவு ஆயத்தமாகவே இருந்தது. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு மூன்று பரப்புக்குள் வீடு, கிணறு, மாட்டுக் கொட்டில், பனை இரண்டு, தென்னை நான்கு என்று அடுக்கிவைக்கும் கலையை அங்கே தலைமுறைகள் பயின்றிருந்தன. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வீணாகாமல் வாய்க்காலில் ஓடி வாழையடிக்குப் போகும்; அதன் கரையில் பொன்னாங்காணியும் வல்லாரையும் தாமாகவே படரும். குசினித் தண்ணீர் கறிவேப்பிலைக்கும் பச்சைமிளகாய்க்கும். வேலியோ வெறும் எல்லையல்ல. கிளுவையும் பூவரசும் சீமைக்கிளுவையும் நிற்கும் அந்த வேலியை வெட்டும்போது விழும் குழை பாத்திக்குள் தாழ்க்கப்படும். சில வாரங்களில் உக்கிப் பசளையாகும். வேலியின் தலையில் பாகலும் பயிற்றையும் ஏறும். மூலையில் நடப்பட்ட முருங்கைத் தடிக்கு எவரும் காசு கொடுத்ததில்லை, அயல்வீட்டில் முறித்தது. மரவள்ளியும் அப்படியே. கத்தரியில் திடமான ஒரு காயை முற்றிப் பழுக்க விட்டு, விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்திப் போத்தலில் போட்டுவைத்தால் அடுத்த மாரிக்கு நாற்று. அந்தச் சாம்பலே இலையில் பூச்சி விழும்போது அதிகாலைப் பனியோடு தூவப்படும் மருந்து. ஐப்பசி மழைக்கு முன்னர் நாற்று மேடை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கண்டிப்பான சட்டம்.

வளவுக்கு வெளியே தோட்டத்தில் நிலைமை வேறு. நீரிறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெய் இன்றி மூலையில் கிடந்தன. கைவிடப்பட்டிருந்த துலாக்கள் சில இடங்களில் மீண்டும் எழுந்தன. ஒருவர் மேலே துலா மிதிக்க, இன்னொருவர் பட்டையில் அள்ளிக் கவிழ்க்க, மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் முடித்த வேலைக்கு மூன்று பேர் அரை நாளைக் கொடுத்தார்கள். அப்படி இறைத்துப் பயிரிடக்கூடிய நிலத்தின் பரப்பு தானாகவே சுருங்கியது. சுருங்கச் சுருங்க அது வீட்டுக்கு அண்மையாக வந்தது. குடாநாட்டின் சிறு தோட்டத்தை அன்று உருவாக்கியது கொள்கையல்ல, மண்ணெண்ணெய்யின் விலையே.

பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தானுக்குத் தன்னிறைவைக் கற்பித்தது என்று மேடைகளில் முழங்குகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் அந்த ஆண்டுகளை வெளிநாடுகளில் கழித்தவர்கள். கத்தரிக்காய் இருந்தது, மெய்தான். ஆனால் அரிசியும் மாவும் சீனியும் பால்மாவும் பருத்தித்துறைக்குக் கப்பலில் வந்து சேர வேண்டியிருந்தன. கப்பல் பிந்தினால் விலை ஏறும். வளவு கறியைத் தரும், சோற்றைத் தராது. இரண்டு பரப்பில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பயிரிட்டாலும் ஒரு குடும்பத்தின் நெல் அதில் விளையாது. 1942 இலும் 1973 இலும் 2022 இலும் நாட்டில் இல்லாமற்போனவை சோறும் மாவும் எரிபொருளுமே. அதற்கு அரசாங்கங்கள் கூறிய மறுமொழி கத்தரிக்காய்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாற்றுமேடை ஆயத்தமாகும் பருவம் அது. விதைப் போத்தலைக் கையில் எடுத்துச் சென்ற மூதாட்டிகளைப் பற்றி நானறிந்த பல குடும்பங்களில் கதைகள் உண்டு; நகையை மறந்துவிட்டு விதையை எடுத்ததற்காகப் பின்னர் பேச்சு வாங்கியவர்களும் அவர்களில் அடக்கம். பெரும்பாலானோர் அடுத்த ஆண்டு திரும்பினர். ஆனால் வலிகாமம் வடக்கில், பலாலி, மயிலிட்டி, வசாவிளான் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. போர் 2009 இல் முடிந்த பின்னரும் அங்கே இராணுவம் மரக்கறி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புகிறது என்று காணி உரிமையாளர்களும் வடக்கின் மக்கள் பிரதிநிதிகளும் முறையிட்டதைப் பத்திரிகைகள் தொடர்ந்து வெளியிட்டன. தமது கிணற்றில் இறைத்த தண்ணீரில், தமது மண்ணில் விளைந்த கத்தரிக்காயை முகாமில் இருந்தவர் சந்தையில் காசு கொடுத்து வாங்க நேர்ந்தது. 2015 முதல் அந்நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன.

வீட்டுத் தோட்டம் ஒரு நாட்டின் பிரதம நீதியரசரைப் பதவியிலிருந்து இறக்கிய கதையும் நம்மிடம் உண்டு. 2011 இல் மகிந்த ராஜபக்ஷ அரசாங்கம் ‘திவிநெகும’ திட்டத்தை ஆரம்பித்தது. தமிழில் ‘வாழ்வின் எழுச்சி’. பத்து இலட்சம் மனைப் பொருளாதார அலகுகள் என்பது இலக்கு. விதைப் பொதிகளும் நாற்றுகளும் விநியோகிக்கப்பட்டன. அதுவரையில் பிழையில்லை. 2012 இல் கொண்டுவரப்பட்ட திவிநெகும சட்டமூலமோ சமுர்த்தி அதிகாரசபை உள்ளிட்ட அமைப்புகளை ஒன்றிணைத்து, பசில் ராஜபக்ஷவின் பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் பெரும் நிதியோடு கூடிய ஒரு திணைக்களத்தை உருவாக்க முனைந்தது. மாகாண சபைகளின் விடயங்களுக்குள் அது தலையிடுவதால் அவற்றின் சம்மதம் தேவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபையே இல்லை. ஆளுநரின் சம்மதம் போதாது என்பதும் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. நவம்பர் 1 ஆம் திகதி பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. 2013 ஜனவரி 8 இல் சட்டமூலம் நிறைவேறியது. 11 இல் குற்றப்பிரேரணை நிறைவேறியது. பிரேரணையில் வேறு குற்றச்சாட்டுகளே எழுதப்பட்டிருந்தன என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும்; நேரம் எப்படி வாய்த்தது என்பதை வாசகர்களே அறிவர். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அவர் மீண்டும் பதவியில் அமர்ந்து மறுநாளே ஓய்வுபெற்றார்.

2021 மே மாதத்தில் கோத்தபாய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது வடக்கின் முதிய விவசாயிகளுக்கு அது பழைய செய்தி. தமக்கு மட்டும் மறுக்கப்பட்ட யூரியா இப்போது முழு நாட்டுக்கும் மறுக்கப்பட்டது. இரசாயனப் பசளையும் மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன என்பதை அறிந்தவன் என்ற வகையில் சேதனப் பசளையை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று கொண்டால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட கூட்டெருவை வயலுக்குச் சுமக்க வேண்டும். பத்துக் கத்தரிக்கு வேலிக் குழையும் சாம்பலும் ஒரு கூடை மாட்டெருவும் தாராளம். வளவில் உண்மையாக இருப்பது வயலில் உண்மையாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஆட்சியாளர் உணர நவம்பர் மாதமாயிற்று. தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் கெட்டுவிட்டது. அடுத்த ஆண்டு அதே அரசாங்கம்தான் வெள்ளிக்கிழமை விடுமுறையையும் அறிவித்தது.

அந்த வெள்ளிக்கிழமைகளில் நானும் சும்மா இருக்கவில்லை. கொழும்புத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில், பழைய பெயின்ற் வாளிகள் நான்கிலும் அரிசிப் பைகள் இரண்டிலும் மண்ணை நிரப்பினேன். வாளியின் அடியில் துளையிட மறந்ததால் முதல் தொகுதி நாற்று அழுகிப்போனது. துளையிட்ட பின்னர் நட்ட பசளி, பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு கறிக்குக் கொடுத்தது. மிளகாயும் மோசமில்லை. வெண்டி அந்தப் பருவம் முழுவதிலும் ஏழு காய் காய்த்தது. எண்ணிப் பார்த்ததால் தெரியும். கணக்கெழுதும் பழக்கத்தினால் செலவையும் எழுதிவைத்தேன். விதையும் வாளியும் ஏறத்தாழ இலவசம். காசு போனது மண்ணுக்கு. கொழும்பில் மண்ணை மூட்டையில் விற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவனுக்கு மண்ணைக் காசு கொடுத்து வாங்குவது தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதை விடவும் கூச்சத்தைத் தந்தது.

மலையகக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற கொள்கை 2015 இன் பின்னர் நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணக் கணக்கில் அது ஒரு பரப்பும் இல்லை. 1,906 சதுர அடி. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளின் தளம் 550 சதுர அடி. மீதி 1,350 சதுர அடி. கழிவுக்குழிக்கும் நடைபாதைக்கும் மழைத் தண்ணீர் வடிகாலுக்கும் மூன்றிலொரு பங்கை ஒதுக்கினாலும் ஏறத்தாழ 900 சதுர அடி எஞ்சும். மலைச்சரிவு என்பதால் கல் அடுக்கி மூன்று தட்டாகப் பாத்தி போட வேண்டும். மேல் தட்டில் போஞ்சி, நடுவில் கோவாவும் லீக்ஸும், கீழே வீட்டுத் தண்ணீர் வடியும் இடத்தில் வாழையும் கீரையும். இப்படி அமைந்த ஒரு வளவை நுவரெலியா மாவட்டத்தில் பார்த்தேன். வீட்டுக்காரப் பெண்மணி கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் வந்து பாத்தியில் நின்றார். கோவா எப்படி விளைந்திருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய், பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்த காணி உறுதியின் பிரதியை எடுத்து வந்து, அதில் இருப்பது தமது பெயர்தானா என்று இன்னொரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அவருடைய பெயர்தான்.